வீலிங் கத்துக்கணுமா? முதல்ல பின் பிரேக்!

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்தார் யூடியூபர் டிடிஎஃப் வாசன். லைசென்ஸ் 10 வருஷத்துக்கு ரத்தானது. திட்டினோம், மீம் போட்டோம். வீலிங்கை எப்படிப் பாதுகாப்பா பழகுறதுன்னு மட்டும் யாரும் பேசலை.

முன் சக்கரத்தைத் தூக்குவது ஆக்சிலரேட்டர். இறக்குவது பின் பிரேக். வண்டி அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ஞ்சா, அதை லேசா மிதிக்கணும். முன் சக்கரம் கீழே வந்துடும். ரீல்ஸில் தெரியுறது ஆக்சிலரேட்டரைத் திருகும் கை. பிரேக் மேலேயே இருக்கும் வலது காலை யார் கவனிக்கிறாங்க? அந்தக் கால் பழகும்வரை மூடிய மைதானம், முதல் கியர், சக்கரம் ஒரு சாண் உயர்ந்தா போதும். ஹெல்மெட்டோட முதுகுக்கும் முழங்காலுக்கும் கவசம் வேணும். கூடவே, வண்டி பின்பக்கம் கவிழாம தடுக்க '12 ஓ கிளாக்' கம்பி.

ஈசிஆரில் இது எதுவும் நடக்காது. சக்கரம் மேலே இருக்கும்வரை ஹேண்டில்பாரைத் திருப்பியும் பயனில்லை, முன் பிரேக்கும் உதவாது. எதிரே வர்ற ஸ்கூட்டிக்காரர் என்ன பாவம் செய்தார்?

போலீஸ் வண்டியைப் பறிமுதல் செய்யட்டும், சரிதான். ஆனா, இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கே இருக்கு. ஞாயிறு காலை 2 மணி நேரம், பயிற்சியாளரோட ஒரு காலி மைதானத்தை இந்தப் பசங்களுக்கு ஒதுக்குறது அவ்வளவு கஷ்டமா?