வெடித்த பின்னும் தாங்குமா?

தமிழாசிரியர் சீமெந்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். எம்மிடம் யாப்பிலக்கணம் கற்ற மாணவர் ஒருவர் இன்று பொறியியலாளர். சென்ற விடுமுறையில் எம் இல்லம் வந்திருந்த அவர், தமது ஆய்வுகூடத்தில் நிகழும் சோதனையொன்றை எமக்கு விளக்கினார். கல்லூரி மண்டபத்துக்கு இழை கலந்த கொங்கிறீற்றுத் தளம் இடலாமென்று பழைய மாணவர் சிலர் பேசிவருதலின், அவர் கூறியதையும் அதன்மேல் எமக்கெழுந்த கருத்தையும் இம்மலரில் எழுதுதல் தகுமெனக் கருதினோம்.

கொங்கிறீற்று அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவைக்கு விரைவில் விட்டுக்கொடுக்கும். அதன் இழுவை வலிமை அமுக்க வலிமையிற் பத்திலொரு பங்களவே. இக்குறையைத் தீர்க்கவே கம்பி வந்தது. பிரான்சு நாட்டுத் தோட்டக்காரரான யோசேப் மொனியே, கம்பிவலை பொதிந்த சீமெந்துத் தொட்டிகளுக்கு 1867 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். மண்சுவருக்கு வைக்கோல் மிதித்துக் குழைத்த எம் முன்னோரும் இவ்வுண்மையை ஒருவாறு அறிந்தவரே. நெருங்கியமைந்த மெல்லிய கம்பிகள் வெடிப்புப் பரவுதலைத் தடுக்குமென்று அமெரிக்காவில் றொமுவால்டி, பற்சன் என்போர் 1963 இல் எழுதினர். உருக்கு இழைகளைப் பற்றிய ஆராய்ச்சி அதன்பின் பெருகிற்று.

இவ்விடத்துப் பலர் மயங்குவர். இழை கலந்தால் கொங்கிறீற்று வெடியாது என்று எண்ணுவர். அஃது உண்மையன்று. ஒரு கன மீற்றருக்கு இருபது முதல் நாற்பது கிலோகிராம் வரை இழை இடுவது வழக்கம். கன அளவில் அது நூற்றில் கால் முதல் அரைப்பங்கு அளவே. அவ்வளவு இழையால் முதல் வெடிப்புத் தோன்றும் சுமை அதிகம் மாறுவதில்லை. இழையின் தொழில் வெடித்த பின்னரே தொடங்குகின்றது. அது வெடிப்பின் இரு கரைகளையும் பாலம்போற் பற்றிநின்று, வளைந்த தன் நுனி நிமிர நிமிர, மெல்ல மெல்லப் பிடுங்கப்படுகின்றது. அங்ஙனம் பிடுங்குதற்குச் சக்தி செலவாகும். இழை பிடுங்கப்படாது சடுதியில் அறுந்துவிடின் பயன் குன்றும். ஆகவே பிடிப்பு மிகையாதலும் குற்றமே!

இதனை அளப்பது எங்ஙனம்? இரு முனையையும் பற்றி இழுத்தால் போதுமென்று யாமும் எண்ணினோம். சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. பற்றுமிடத்திற் கொங்கிறீற்று நொறுங்கும். இழுவை சிறிது கோணினும் துண்டு வளையும். வெடித்த கணத்தே பொறியில் தேங்கிய சக்தி பாய்ந்து துண்டை முறித்துவிடும். பிரேசில் நாட்டில் றியோ டி ஜனைரோ நகரிற் பெருவீதியொன்று அமைத்தபோது வழியில் நின்ற பழைய தேவாலயத்தைக் கொங்கிறீற்று உருளைகள்மேல் நகர்த்த எண்ணினர். அவ்வுருளைகளை ஆராய்ந்த கார்னெய்றோ என்னும் பொறியியலாளர், கிடத்தி அமுக்கிய உருளை நடுவே செங்குத்தாகப் பிளத்தலைக் கண்டார். அமுக்கத்தால் இழுவையை அளக்கும் சோதனை 1943 இல் அவ்வாறு பிறந்தது. தேவாலயம் நகர்த்தப்படாமல் இடிக்கப்பட்டது. சோதனையோ உலகெங்கும் நிலைபெற்றது.

ஆனால் பிளக்கும் கணத்தையே அச்சோதனை நன்கு காட்டும். பிளந்த பின் நிகழ்வதை அறிய, ஐரோப்பிய நியமமொன்று வேறு வழி கூறுகின்றது. 150 மில்லிமீற்றர் சதுர முகமுள்ள விட்டத்தின் அடியில் 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டொன்று இட்டு, 500 மில்லிமீற்றர் இடைவெளியில் தாங்கி, நடுவே சுமையேற்றுவர். வெட்டின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மில்லிமீற்றர் விரியும்போது விட்டம் தாங்கும் சுமையைக் குறிப்பர். வாய் விரியும் வேகத்தைக் கொண்டே பொறி ஆளப்படும்.

மண்டபத் தளம் பற்றி எம்மிடம் வந்த ஒப்பந்தகாரர் ஒருவர், கனக்கட்டியை நசுக்கிப் பெற்ற ஓரெண்ணை மட்டுமே காட்டி, ‘இதற்கு மேல் என்ன சோதனை, ஐயா?’ என்றார். அவ்வெண் சீமெந்தின் தரத்தைக் கூறும். இழை தன் கடமையைச் செய்யுமா என்பதைக் கூறாது. ஒரே சுமையில் வெடிக்கும் இரு விட்டங்களுள் ஒன்று இரண்டாக வீழும், மற்றது தாங்கி நிற்கும். இரண்டையும் ‘வலிமை’ என்னும் ஒரு சொல்லால் வழங்குதல் எம்போன்ற தமிழாசிரியரின் குறையுமாகும். தகைப்பு, விகாரம் என்று நுணுகி வகுத்த நாம், வெடிப்பு வேறு உடைவு வேறென்பதை ஏன் வலியுறுத்தவில்லை?

ஒரே கலவையில் வார்த்த விட்டங்களும் வெவ்வேறு முடிவு தருகின்றனவே, அச்சோதனை எதற்கு என்பாருமுளர். இழை ஓரிடத்துச் செறிந்தும் ஓரிடத்து அருகியும் கிடத்தலின் அவ்வேறுபாடு நேர்கின்றது. அதுவே யாம் அறியவேண்டுவதும். இழையைக் குவியலாகக் கொட்டினாற் பந்துபோற் திரளும். தளத்தின் ஒரு பகுதி வெறும் கொங்கிறீற்றாய் எஞ்சும். நிலத்தின்மேற் கிடக்கும் தளத்துக்கு இழை ஏற்றது. மேல்மாடி விட்டத்தின் கம்பியை அதன்பொருட்டு நீக்குவதை யாம் ஒப்போம்.

ஆதலின் கட்டடக் குழுவினரிடம் ஒன்று வேண்டுகின்றோம். தளமிடும் நாளில், தளத்துக்கு வந்த கலவையிலிருந்தே விட்டங்கள் வார்க்கப்படவேண்டும். அவை இருபத்தெட்டு நாள் நீரிற் கிடந்த பின் சோதிக்கப்பட்டு, 0.5 இலும் 2.5 இலும் கண்ட சுமைகள் குழுவின் முன் வாசிக்கப்படட்டும். இறுதிப் பணம் அதன்பின் கொடுக்கப்படுக.