அலுமாரியில் கிடக்கும் சாட்சியம்

செய்தி வந்த கிழமையே நாவலப்பிட்டிப் பக்கத்து உபதேசியார் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஜெனீவாவுல நமக்கு ஜெயம் கெடச்சிருச்சாமே ஐயா. இனி லயத்துப் பக்கம் யாரும் நம்மள மறிக்க ஏலாதுதானே?" ஏலும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சொன்னதை விரித்து எழுதும்படி இன்னும் நாலைந்து பேர் கேட்டதால், இந்த டிசெம்பர் இதழுக்கென்று எழுதி வைத்திருந்த கிறிஸ்து பிறப்பு உரையைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகளின் கூட்டிணைத்தல் சட்டமூலம் 2003இல் பட்ட பாட்டை இந்த இதழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இலங்கை அரசியலமைப்பின் உறுப்புரை 10உம் 14(1)(உ)உம் மதத்தைக் கைக்கொள்ளவும் வழிபடவும் போதிக்கவும் உரிமை தருகின்றன, பரப்ப உரிமை தரவில்லை என்றது உயர் நீதிமன்றம். பொருளுதவியும் மதப் பரப்பலும் ஒன்றாகச் சேர்ந்தால் வறியவர் மேல் தகாத அழுத்தம் விழும், உறுப்புரை 9 காக்கும் பௌத்த சாசனத்துக்கும் அது கேடு என்றும் சொன்னது. அருட்சகோதரி இமாகுலேட் ஜோசப்பும் இன்னும் எண்பது சகோதரிகளும் ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனார்கள். 2005 ஒக்டோபர் 21ஆம் திகதி, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 18(1)உம் 26உம் மீறப்பட்டன என்று குழு கருத்துச் சொல்லியிருக்கிறது. என்ன பரிகாரம் செய்தாய் என்பதற்கு 90 நாட்களுக்குள் அரசிடம் பதிலும் கேட்டிருக்கிறது.

பெறுமதியான கருத்துத்தான். ஆனாலும் அது கருத்து. உள்நாட்டுத் தீர்மானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோட்டத்து வாசலில் நம்மை மறிக்கிறவர் உடன்படிக்கையை வாசித்துவிட்டு வந்து மறிப்பதுமில்லை. "பரப்ப" என்ற சொல் நம் அரசியலமைப்பிலும் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் உறுப்புரை 25இல் அந்தச் சொல் இருக்கிறது. இருந்தும் 1977இல், ஸ்டெய்னிஸ்லாஸ் பாதிரியாரின் வழக்கில், பரப்பும் உரிமைக்குள் மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சொல்லை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

சகோதரிகளின் முறைப்பாட்டில் என்னை உறுத்திய ஒன்றை இங்கே பதிந்துவிடுகிறேன். சட்டமூலத்துக்கு ஆட்சேபம் வந்தது, விசாரணை நடந்தது, தீர்மானமும் வந்தது. அவர்களுக்கு அறிவித்தலும் இல்லை, வாய் திறக்க ஒரு சந்தர்ப்பமும் இல்லை. பள்ளிக்கூடமும் அநாதை இல்லமும் முதியோர் இல்லமும் நடத்துகிற பெண்களைப் பற்றி, அவர்களைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு நாட்டின் உச்ச மன்றம் முடிவெடுத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

குழுவின் கருத்தில் நான் பலமுறை வாசித்தது ஒரே ஒரு பந்தியை. பொருளுதவியைக் காட்டி அழுத்தம் கொடுப்பார்கள் என்ற முடிவுக்கு ஆதாரமோ நிகழ்வு விபரமோ எதுவும் காட்டப்படவில்லை என்கிறது அது. சகோதரிகளைப் பொறுத்தவரை அது சரியே. நம்மைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியுமா? ஆதாரம் இருக்கிறது, நண்பர்களே. நம் ஊழியக் காரியாலயங்களின் இரும்பு அலுமாரிகளில், வருடவாரியாக, கோவை கட்டி வைத்திருக்கிறோம்.

மாதாந்த ஊழிய அறிக்கையைத்தான் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன், சலிப்போடு வாசித்தவர்களும் உண்டு. எந்தச் சபை என்று நான் சொல்லப் போவதில்லை, எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே படிவம்தான். நான் நிரப்பியதில் நாலாவது நிரல் "உதவி பெற்ற குடும்பங்கள்". அரிசி, கொப்பி, மருந்து எல்லாம் அதில் வரும். ஐந்தாவது "சந்திப்புகள்". ஆறாவது "புதிய ஆத்துமாக்கள்". ஒரு தோட்டத்துக்கு ஒரு நிரை. நாலையும் ஆறையும் ஒரே நிரையில் எழுதிய பிறகு, ஒன்று மற்றதற்கு விலை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தில் "ஆசைகாட்டல்" என்பதற்குப் பணம், பொருள், வேலை என்று வரைவிலக்கணம் இருந்ததே, அதற்கு உதாரணம் தேடுகிறவர் வேறெங்கும் போக வேண்டாம்.

மதம் மாறியவர் அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்ற அந்தச் சட்டமூலத்தின் ஏற்பாட்டை 2004 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் ஒப்பவில்லை. நாம் எல்லோரும் ஆறுதல் அடைந்தோம், நானும்தான். ஆனால் மாறியவரின் பெயரை அரசு கேட்பதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கணக்கை எழுதத் தொடங்கியவர்கள் யார்?

நானும் ஐந்து வருடம் அந்தப் படிவத்தை நிரப்பியவன். ஒரு மாதம் ஆறாவது நிரலில் எல்லாத் தோட்டத்துக்கும் பூச்சியம் போட்டு அனுப்பினேன். பூச்சியத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "காரணம்?" என்று எழுதிப் படிவம் திரும்பி வந்தது. அடுத்த மாதம் மூன்று என்று எழுதினேன். யார் அந்த மூன்று பேர்? ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது கொப்பி வாங்க வந்த பிள்ளைகள். கொப்பி கொடுத்தேன், பாட்டு ஒன்று சொல்லிக் கொடுத்தேன், ஆத்துமாக் கணக்கில் எழுதிவிட்டேன். அவர்களில் ஒருவன் இன்று கண்டியில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். காணும்போது சிரிப்பான். கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வண்டியை எடுக்க மாட்டான். ஏதோ ஒரு கோவையில் அவன் இன்னும் என்னுடைய ஆதாயம்.

சில மாதங்களுக்கு முன்பு ஹேவாஹெட்டைப் பக்கத் தோட்டமொன்றுக்கு, பழைய நண்பரான ஓர் உபதேசியாருடன் போயிருந்தேன். ஆட்கள் மலைக்குப் போய்விட்ட நேரம். மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில், வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு பாட்டி. சுவரில் மாரியம்மன் படம். பக்கத்தில் ஏதோ ஒரு சபையின் போன வருடத்துக் கலண்டர், அதில் ஆட்டுக்குட்டியோடு இயேசு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே செவ்வந்திப் பூவைச் செருகியிருந்தார். பிளேன்டீ ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்தார்.

"போன மாசம் ஒரு தம்பி வந்துச்சுங்கய்யா" என்று அவராகவே தொடங்கினார். "வந்த ஒடனே தலையில கைய வச்சு என்னமோ சத்தமாச் சொல்லிச்சு. அப்பறம் ஆத்தா படத்தக் காட்டி, இது இருக்கிற வரைக்கும் ஒங்க வீட்டுக்கு விடியாதுன்னுச்சு. எம் மகன் செத்தது அதுக்குத் தெரியாது. எம் பேரக்கூட அது கேக்கல. நான் எப்பிடிச் சொல்ல?"

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தம்பி வேறு சபை, நம் ஆள் இல்லை. அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவனுக்கும் ஒரு படிவம் இருந்திருக்கும், அன்றைக்கு அவன் ஏறி இறங்க வேண்டிய லயங்கள் இன்னும் நாலு இருந்திருக்கும். நண்பர் பாட்டியிடம் மகனின் பெயரைக் கேட்டார். கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், காமன் கூத்துக்கு மட்டும் தவறாமல் ஊருக்கு வருவான், மன்மதன் வேஷம் கட்டினால் அவனை அடிக்க ஆளில்லை. பாட்டி ஒரு மணித்தியாலம் பேசினார். நாங்கள் எழும்பியபோது, "செபம் பண்ணிட்டுப் போங்களேன்" என்றார். மகனின் பெயரைச் சொல்லி நண்பர் இரண்டே வரி செபம் பண்ணினார். படத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தன் நம்பிக்கையை அவர் மறைக்கவுமில்லை, யாருடைய பெயரில் செபிக்கிறார் என்பதைத் தெளிவாகத்தான் சொன்னார். அன்றைய அறிக்கையில் அந்த ஒரு மணித்தியாலம் "சந்திப்பு: 1" என்று போயிருக்கும்.

கண்டிக்காரர் நமக்கு இப்படிப்பட்ட ஊழியத்துக்கு அயலூர் உதாரணம் தேவையில்லை. ஜோசப் வாஸ் அடிகள் 1692இல் இந்த ஊருக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். கரையோரத்தில் கத்தோலிக்கரைத் துரத்தியவர்கள் ஒல்லாந்தர். நம்மில் சீர்திருத்தச் சபைக்காரர் அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். துரத்தப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது கண்டியின் பௌத்த அரசு. 1697இல் அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளிகளைக் காட்டில் விட்டு ஓடியபோது, வாஸ் அடிகளும் அவருடைய மருமகனான குருவும் அவர்களைக் கழுவித் துடைத்துப் பார்த்தார்கள். 1711இல் இந்த நகரிலேயே இறக்கும்வரை அரசர்களின் மதிப்பு அவருக்குக் குறையவில்லை.

அவரை அருளாளராக உயர்த்துவதற்குப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995 ஜனவரியில் கொழும்புக்கு வந்தார். பௌத்த பெரியார்கள் சந்திப்புக்கு வர மறுத்தார்கள். முந்திய வருடம் வெளியான அவருடைய நூலில் பௌத்தத்தைப் பற்றி எழுதியிருந்தவை அவர்களைப் புண்படுத்தியிருந்தன. அம்மை நோயாளியைக் கழுவிய கைகளைக் கௌரவிக்க வந்த இடத்தில் சில பக்கங்கள் குறுக்கே நின்றன. கம்பளையில் 1871இலும் பாணந்துறையில் 1873இலும் பௌத்த பிக்குகளோடு மேடை போட்டு வாதாடி நாம் சம்பாதித்தது என்ன என்பதை இங்கே நீட்டவில்லை.

சொல் விஷயத்திலும் நமக்குப் புத்தி வரவில்லை. போன மாதம் பிரசுரத்துக்கு வந்த கட்டுரைகளில் நாலில் "அஞ்ஞானிகள்" என்று இருந்தது, ஒன்றில் "இருளில் கிடக்கும் ஜனம்". எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, பழக்கதோஷம். ஆனால் தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்துவிடுகிற பக்கத்துக் காம்பராவை அஞ்ஞானி என்று எழுதிய கையோடு அங்கே போய் அன்பைப் பற்றிப் பேச எப்படி முடிகிறது? அந்த நாலு கட்டுரைகளையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். சகோதரிகளைக் கேட்காமல் நீதிமன்றம் முடிவெடுத்தது தவறு. 2003 டிசெம்பரில், மதமாற்றத்தை எதிர்த்துப் பேசிவந்த கங்கொடவில சோம தேரர் மறைந்த பின்பு தேவாலயங்கள் மேல் கல் விழுந்தபோது அரசு கைகட்டி நின்றதும் தவறு. குழு கொடுத்த இந்த 90 நாட்களும் ஒரு பதிலும் இல்லாமல் கழியும் என்று நான் பந்தயம் கட்டத் தயார். ஆனால் உபதேசியாரைக் கேட்காமல் முடிவெடுக்கிறவர்கள் யார்? 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து உபதேசியார்களைக் கொண்டுவந்து மலையேற்றிய காலம் முதல், லயத்தை அறிந்தவர் அவர் ஒருவர்தான். சிங்களக் கிராமத்துக்கும் லயத்துக்கும் நடுவில் நின்று வசவு கேட்கிறவரும் அவர்தான். அவருடைய படிவத்தை வரைகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், அதற்குப் பணம் அனுப்புகிறவர்கள் இன்னும் தூரத்தில். ஆறாவது நிரலை எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு, நான் தமிழில் எழுதிய கடிதத்துக்கு, ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது: கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று. அதன் பிறகு வந்த படிவத்தில் ஒரு நிரல் கூடியிருந்தது. சுனாமி உதவி பெற்ற குடும்பங்களுக்காம். மகியங்கனை வழியாக அம்பாறைக்குப் போன லொறிகளில் அரிசி மூட்டைக்குள் கைப்பிரதி வைக்கச் சொன்னவர்களும் இந்த வருடம் இருந்தார்கள். வைக்க மறுத்த இரண்டு இளைஞர்களுக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை. உயர் நீதிமன்றம் நமக்குச் செய்த அநியாயத்தை நான் யாரிடமும் எடுத்துச் சொல்லத் தயார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நிரலை எடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. இந்த இதழின் பின்பக்கம் என் கையில் இருக்கிறது. "அறுவடைச் செய்திகள்" என்ற தலைப்பில் தோட்டவாரியாக எண்ணிக்கை போட்டு வந்தோம், என் காலத்திலும் போட்டோம். இந்த இதழோடு அதை நிறுத்துகிறேன். விற்பனையைக் கவனிக்கும் நண்பர், வாசகர் முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான் என்கிறார். சரியாக இருக்கலாம். அந்த இடத்துக்கு உபதேசியார்கள் யாராவது, தாங்கள் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கேட்ட கதையை, ஆளின் பெயரை மாற்றி எழுதி அனுப்பினால் போடுவேன். ஒன்றும் வராவிட்டால் ஜனவரி இதழின் பின்பக்கம் வெறுமையாக வரும். அச்சகத்தைத் திட்ட வேண்டாம்.