கொடுத்த கணக்கு எங்கே?

கேள்வி கேட்க வருகிறார்கள்! கையிலே படிவம், கண்ணிலே ஆர்வம், கருத்திலே பட்டம் – கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். பொன்னமராவதிப் பேருந்து நிலையத்திலே மூட்டை இறக்குபவரை நிறுத்தி, "ஐயா, ஒரு நாளைக்கு என்ன கூலி?" என்று கேட்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் புறப்பட்ட அம்மாவை அணுகி, "எவ்வளவு கடன் அம்மா? என்ன வட்டி?" என்று கேட்கிறார்கள். கண்மாய்க் கரையிலே நிற்கும் உழவரிடம், விளைந்தது எவ்வளவு, வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று கேட்கிறார்கள். மறைக்கத் தெரியாத மக்கள் மனம் திறந்து சொல்கிறார்கள். உடன்பிறந்தானிடம் சொல்லாத கடனைக்கூட, ஊர் பெயர் தெரியாத மாணவனிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆய்வு முடிகிறது, பட்டம் கிடைக்கிறது. மகிழ்ச்சி! நம் வீட்டுப் பிள்ளைகள் முனைவர்களாவது நமக்குப் பெருமைதான். ஆனால், தோழர்களே, நாம் கொடுத்த கணக்கு எங்கே?

மாணவரின் கைப்பேசியிலே இருந்தது; கைப்பேசி மாறிற்று. பென்டிரைவிலே இருந்தது, பென்டிரைவ் தொலைந்தது. துறையின் பழைய கணினியிலே இருந்தது. கணினி காயலான் கடைக்குப் போயிற்று. இப்படித்தான் முடிகிறது பல ஆய்வுகளின் கதை. ஆய்வேடு அட்டை கட்டி அலமாரியிலே நிற்கிறது. அந்த ஏட்டுக்கு உயிர் கொடுத்த மூலக்கணக்கு முகவரி இன்றி மறைகிறது. அந்த மூலக்கணக்குக்குத்தான் ஆய்வுத் தரவு என்று பெயர். அதை ஒழுங்காக எழுதவும், காக்கவும், அடுத்தவர் பயன்படுத்தும்படி ஒப்படைக்கவும் மாணவருக்கு யார் கற்றுத்தருவது? கல்லூரி நூலகர் கற்றுத்தர வேண்டும். கற்றுத்தர அவருக்கு ஆளும், நேரமும், அதிகாரமும் அளிக்கப்பட வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

"கூலி உயர்வு கேட்க வேண்டியவர்கள் கோப்பு அடுக்குவது பற்றிப் பேசுவதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேலி பேசுவோர் உண்டு. பேசட்டும். ஏட்டிலே ஒரு வரி தவறினால் ஏழையின் சோற்றிலே கை விழும் என்பதை அவர்கள் அறியவில்லை. அறிந்துகொள்ள ஒரு செய்தி சொல்வோம்.

2010ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைன்ஹார்ட், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாட்டின் கடன் ஆண்டு உற்பத்தியிலே 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும். சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காடு ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. "செலவைக் குறை! சலுகையை வெட்டு!" என்று முழங்கிக்கொண்டிருந்த ஆட்சியாளர்களுக்கு அது கரும்பாக இனித்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதையே மேற்கோள் காட்டினார்கள். வெட்டு விழுந்தது யார் மீது? மாளிகைவாசிகள் மீதா? உதவித்தொகை வாங்கும் முதியவர் மீது, வேலை தேடும் இளைஞர் மீது, அரசு மருத்துவமனையை நம்பிய ஏழை மீது!

மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலே தாமஸ் ஹெர்ன்டன் என்றொரு மாணவர். வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் தாமும் போட்டுப் பார்த்தார், விடை வரவில்லை. அறிஞர்களிடமே கணக்கு அட்டவணையைக் கேட்டு வாங்கினார். திறந்து பார்த்தால், 20 நாடுகளைக் கூட்ட வேண்டிய இடத்திலே 5 நாடுகள் கூட்டலிலேயே சேரவில்லை! வேறு சில விடுபடல்களையும், சராசரி எடுத்த முறையையும் சேர்த்துச் சரிசெய்து, தம் ஆசிரியர்கள் இருவரோடு 2013இல் வெளியிட்டார். மைனஸ் 0.1 என்றது பிளஸ் 2.2 ஆயிற்று! கூட்டலிலே நேர்ந்த பிழையை அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். முடிவு மாறாது என்றும் வாதிட்டனர். வாதம் இருக்கட்டும். அந்த அட்டவணை அழிந்து போயிருந்தால்? கேட்ட மாணவருக்குக் கிடைக்காமல் போயிருந்தால்? பேரறிஞரின் பிழையை ஒரு மாணவர் கண்டுபிடிக்க முடிந்தது எதனால்? மூலக்கணக்கு இருந்தது, அதனால் முடிந்தது.

இருக்கும் கணக்கு எவ்வளவு, இறந்துபோன கணக்கு எவ்வளவு? உயிரியல் ஆய்வுக் கட்டுரைகள் 516ஐ எடுத்துக்கொண்டு, அவற்றின் மூலத் தரவு கிடைக்குமா என்று தேடிப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்தது முடிவு. கட்டுரைக்கு வயது ஓர் ஆண்டு ஏற ஏற, தரவு கிடைக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு வீதம் இறங்கிக்கொண்டே போயிற்றாம்! கேட்டுக் கேட்டுச் சேர்த்தது கேட்பாரற்றுப் போயிற்று.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தமிழர் நெஞ்சிலே அந்த நெருப்பு இன்னும் அணையவில்லை. அது பகைவர் வைத்த நெருப்பு. ஆனால் அறிவை அழிக்க எப்போதும் நெருப்பு வேண்டுமா? அலட்சியம் போதும். 2021 டிசம்பரிலே ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில், நகலெடுக்கும் நிரலிலே நேர்ந்த ஒரு பிழையால் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 14 ஆய்வுக் குழுக்களின் கோப்புகள் பறிபோயின. புகை இல்லை, தணல் இல்லை, போர் இல்லை. வல்லவர் வாழும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், நம் பிள்ளையின் ஒற்றைப் பென்டிரைவுக்கு என்ன காப்பு?

கணக்கைக் காப்பது நமக்குப் புதிதா? நம் புதுக்கோட்டை மண்ணைப் பாருங்கள். குடுமியான்மலையிலே இசைக்குறிப்பையே பாறையிலே வெட்டி வைத்தார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கல்வெட்டுகள் 1929இல் தொகுத்து அச்சிடப்பட்டன. அவற்றிலே காணும் கொடைகள் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். எழுதிய ஒழுங்கைக் கவனியுங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, நிலம் எங்கே, எல்லை எது, அளவு என்ன, ஒப்பமிட்டவர் யார் என்று வகைப்படுத்தி வெட்டினார்கள். அதனால் பல நூற்றாண்டு கழித்தும் நாம் படிக்கிறோம், பொருள் காண்கிறோம். நேற்று எடுத்த கணக்கோ இன்று எடுத்தவருக்கே புரியவில்லை!

நூலகர் கற்றுத்தர வேண்டியது இந்த ஒழுங்கைத்தான். கூலி என்று ஒரு கட்டம். அதிலே 500 என்று ஓர் எண். நாள் கூலியா, வாரக் கூலியா? சாப்பாடு சேர்த்தா, சேர்க்காமலா? ஆணுக்கா, பெண்ணுக்கா? எந்த ஊரில், எந்த மாதத்தில் கேட்டது? இத்தனையும் எழுதி வைத்தால்தான் அது கணக்கு. எழுதாவிட்டால் வெறும் கிறுக்கல். கோப்புக்குக் "கடைசி", "கடைசி 2", "உண்மையான கடைசி" என்று பெயர் வைக்காமல் நாளும் பொருளும் விளங்கப் பெயர் வைப்பது ஒரு பாடம். மூன்று படிகள் எடு, இரு வேறு வகைச் சாதனங்களிலே வை, ஒன்றை வேறிடத்திலே வை என்பது மற்றொரு பாடம். ஆய்வு முடிந்ததும் நிலையான களஞ்சியத்திலே ஒப்படைத்து, என்றும் மாறாத அடையாள எண் பெறுவது இன்னொரு பாடம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013இல் தொடங்கிய ஜெனோடோ களஞ்சியம் காசு கேட்பதில்லை. எந்த நாட்டு மாணவரும் சேர்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலான பாடம் ஒன்றுண்டு: நம்பிச் சொன்னவரைக் காட்டிக்கொடுக்காதே! கல் உடைப்பவர் தம் இருமலைச் சொன்னார்; வேலை செய்யும் பெண் மேற்பார்வையாளரின் கொடுமையைச் சொன்னார். பெயரோடு அந்தத் தாள் முதலாளி கையிலே சிக்கினால் வேலை போகும், வாழ்வு போகும். பெயரை நீக்கி எண் இடுவது, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வைப்பது, பகிரத் தக்கது எது, தகாதது எது என்று பிரிப்பது – இதுவும் தரவுக் கல்விதான். இது தெரியாத மாணவர், நல்ல மனத்தோடேயே நமக்குத் தீங்கு செய்துவிடக்கூடும்.

"கணினித் துறை இருக்கிறதே, நூலகர் எதற்கு?" என்று கேட்கலாம். கணினி சேமிக்கும், சேமித்ததை அடுத்தவர் கண்டெடுக்கும்படி வகைப்படுத்துவது நூலகர் கலை. இந்தக் கலையிலே உலகுக்கே ஆசானானவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர் 1924இல் நூலகரானார். 1931இல் நூலகத்தின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவர் முன்னின்ற நூலக இயக்கம் அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்திலே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பிற்று. நூலகர் சாவி காக்கும் காவலர் அல்லர். தேடி வந்து கற்பிக்கும் ஆசிரியர் என்று காட்டிய நாடு இது. அந்த வழியிலே இன்று எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தரவு நூலகம் இலவச இணையப் பாடமே நடத்துகிறது. வண்டி கட்டி வழிகாட்டிய நாம் வாய் பார்த்து நிற்பதா?

டெல்லி செய்தது என்ன? ஆய்வேடுகளை மின்வடிவிலே தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. சோத்கங்கா என்ற களஞ்சியம் எழுந்தது. நல்லது. ஆனால் அங்கே கேட்பது ஆய்வேட்டை, மூலக்கணக்கை அல்ல. 2019இல் ஆய்வு மாணவர் அனைவருக்கும் ஆய்வு நெறிப் பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். ஆறு அலகுகள், 30 மணி நேரம். தரவைக் காக்கத் தனி அலகு ஒன்று உண்டா? இல்லை! வீடு கட்டச் சொன்னார்கள், அடித்தளத்தை மறந்தார்கள்.

டெல்லி விழிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் நடந்தபோது, நம் மாவட்டப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், மிதிவண்டியும் கற்றார்கள். கல் குவாரிப் பெண்கள் மிதிவண்டி ஏறியதை நாடே வியந்து பார்த்தது. அந்த மாவட்டத்துக்கு இது இயலாததா? கல்லூரிகளிலே நூலகர் பணியிடம் எங்கெல்லாம் காலியோ அங்கெல்லாம் நிரப்புக! மாணவர் களத்துக்குப் போகுமுன் நூலகரிடம் தரவுப் பாடம் பெறுவதை விதியாக்குக! பாரதிதாசன் பல்கலைக்கழகமும் அதன்கீழ் இயங்கும் நம் மாவட்டக் கல்லூரிகளும் அந்தப் பாடத்தைத் தமிழிலே தருக! ஊர்தோறும் படிப்பகம் கண்ட தோழர்கள் இந்தக் கோரிக்கையை மாணவர் மன்றங்களுக்கு எடுத்துச் செல்க!

இனி படிவத்தோடு மாணவர் வந்தால் விரட்டாதீர்கள். தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: "தம்பி, இதை எங்கே வைப்பாய்? என் பெயரை எப்படிக் காப்பாய்? பத்தாண்டு கழித்து என் மகள் வந்து கேட்டால் இது கிடைக்குமா?" பதில் தெரியாவிட்டால் கோபிக்க வேண்டாம். அவரை அவர் கல்லூரி நூலகரிடம் அனுப்புங்கள். நூலகர் நாற்காலி காலியாக இருந்தால், அந்தக் கேள்வியைச் சட்டமன்றத்துக்கு அனுப்புவோம்!