கேப் கூட்டினால் எஞ்சின் தப்பிக்குமா?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் காசிமேட்டு விசைப்படகுகளின் எஞ்சின்களைத் திறக்க ஆரம்பிக்கிறார்கள். கல்மண்டபம், ராயபுரம் பக்கம் லேத் பட்டறைகளுக்கு வேலை குவிகிற அந்த 61 நாட்களில் காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு: “டர்போ எஞ்சின், பவர் ஜாஸ்தி, கேப்பைக் கொஞ்சம் சேர்த்தே வைப்பா.” பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே விடும் இடைவெளியைத்தான் சொல்கிறார்கள். லாரிக்காரர்களும் கார் எஞ்சினில் பவர் ஏற்றும் இளைஞர்களும் இதையே நம்புகிறார்கள். பவர் கூடினால் சூடு கூடும், அலுமினியம் விரியும், இடமில்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஆகவே இடத்தைக் கூட்டு என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாக இருப்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் இது தவறு. எஞ்சினைக் கெடுப்பதோடு, கெட்டதன் காரணத்தையும் மறைத்துவிடுகிற தவறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை ஹினோ தொழில்நுட்பத்தில் செய்த ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினின் துளை விட்டம் 104 மி.மீ. அந்த அளவுள்ள வார்ப்பு அலுமினியப் பிஸ்டனின் ஸ்கர்ட் என்னும் கீழ்ப்பகுதி 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.04 மி.மீ. விரியும். அதற்குப் பதிலாக சிலிக்கான் குறைந்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டால், 100 டிகிரி ஏற்றத்தில் அது வார்ப்புப் பிஸ்டனைவிட ஏறத்தாழ 0.03 மி.மீ. அதிகம் விரியும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டு, லைனர் 40 டிகிரி குறைவான சூட்டிலேயே ஓடினால், அது விரியாமல் விட்ட இடம் மட்டும் 0.045 மி.மீ. இந்தக் கணக்கில் குதிரைத்திறன் என்ற எண் நேரடியாக எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பிஸ்டன் என்ன உலோகம், ஸ்கர்ட்டின் சூடு எவ்வளவு, லைனரின் சூடு எவ்வளவு என்பவைதான் இடைவெளியை முடிவு செய்கின்றன. டர்போ கொண்டுவரும் சூடு முதலில் விழுவது பிஸ்டனின் தலையில். அதனால்தான் தலைப்பகுதியைத் தயாரிப்பாளரே ஸ்கர்ட்டைவிடச் சிறிய விட்டத்தில் கடைகிறார். பல டர்போ டீசல்களில் அடியிலிருந்து ஆயில் ஜெட் அந்தத் தலையைக் குளிர்விக்கிறது.

பிடித்துப்போன பிஸ்டனை வெளியே எடுத்ததும் “கேப் பத்தல” என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆனால் அதன் மேலுள்ள கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது வேறு கதை சொல்லும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னின் இரு பக்கமும் நான்கு மூலைகளில் உரசல் இருந்தால், எஞ்சின் சூடேறும் முன்பே முழு லோடு கொடுத்திருக்கலாம். தலையோரம் மட்டும் உரசியிருந்தால் இன்ஜெக்டரையும் டீசல் அளவையும் சந்தேகிக்க வேண்டும். சுற்றிலும் பிடித்திருந்தால் ஆயில் ஜெட் அடைத்ததா, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் உப்பும் சேறும் படிந்ததா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு அடுத்த லைனரை 0.05 மி.மீ. தளர்த்திக் கடைந்தால், அடைத்த ஜெட் அடைத்தபடியேதான் கிடக்கும்.

தளர்வுக்கும் விலை உண்டு. தளர்ந்த பிஸ்டன் ஒவ்வொரு எரிப்பிலும் சாய்ந்து லைனரில் மோதும். ரிங் சுவரோடு சமமாக உட்காராது. எரிவாயு கீழே கசியும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை வரும். லைனரைத் தண்ணீர் நேரடியாகத் தொடும் வெட் லைனர் எஞ்சினில் கேடு இன்னும் ஆழமானது. மோதலில் லைனர் அதிர, அதன் வெளிப்புறத் தண்ணீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பையே குடைந்து குழியாக்கும். ஒரு குழி உள்ளே துளைத்துவிட்டால் தண்ணீர் ஆயிலோடு கலந்து ஆயில் வெளுத்துவிடும். கரையிலிருந்து வெகுதூரத்தில் அது நடந்தால், பாதுகாப்புக்கென்று கூட்டிய கேப்பே படகை நடுக்கடலில் நிறுத்திவிடும்.

“பந்தயக்காரர்கள் கேப் அதிகம் வைக்கிறார்களே?” என்று கேட்கலாம். வைக்கிறார்கள், அவர்கள் போடுவது அதிகம் விரியும் ஃபோர்ஜ்டு பிஸ்டன். அந்த உலோகத்துக்கு அந்த இடம் தேவை. குளிரில் தட்டும் சத்தத்தையும் சீக்கிரம் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மாறாக, உச்சத் திறனுள்ள இன்றைய கனரக டீசல்கள் பல எஃகுப் பிஸ்டனுக்கு மாறியிருக்கின்றன. எஃகின் விரிவு லைனரின் விரிவுக்கு நெருக்கமானது, எனவே குளிர்நிலை இடைவெளியைக் குறைத்தே வைக்க முடிகிறது. பவர் கூடியிருக்கிறது, கேப் குறைந்திருக்கிறது. பழைய நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

“படகு மணிக்கணக்கில் ஃபுல் லோடில் ஓடுகிறதே” என்ற வாதம்தான் கனமானது. அதை உதறிவிட முடியாது. ஆனால் அதற்குத் தீர்வு எஞ்சினின் தரநிர்ணயத்தில் இருக்கிறது. லாரியில் அதிகத் திறன் தரும் எஞ்சினையே தொடர் ஓட்டத்துக்குத் தயாரிப்பாளர்கள் குறைந்த திறனில் அமைத்துத் தருவது அதற்காகத்தான். டீசல் பம்ப்பைத் திருகி அந்த வரம்பை மீறிவிட்டு, பழியைக் கேப்பின் மேல் போடக்கூடாது.

அளக்கும் முறையும் மாற வேண்டும். பிஸ்டன் வட்டமாக இருப்பதில்லை; நீள்வட்டமாகவும் பீப்பாய் வடிவிலும் கடையப்படுகிறது. ஃபீலர் தகட்டை ஏதோ ஓரிடத்தில் நுழைத்து, கையில் வரும் ‘பிடி’யை வைத்து முடிவு செய்வது ஊகம் மட்டுமே. பின்னுக்குக் குறுக்கே, தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் மைக்ரோமீட்டரால் பிஸ்டனை அளந்து, போர் கேஜால் லைனரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் இரு திசைகளிலும் அளக்க வேண்டும். ஆகவே படகு உரிமையாளர்களே, அடுத்த முறை எஞ்சினைக் கட்டக் கொடுக்கும்போது அந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கேளுங்கள். பழைய பிஸ்டனையும் வாங்கிப் பாருங்கள். அது ஏன் பிடித்தது என்று சொல்ல முடியாதவரிடம் புது லைனரைக் கடையக் கொடுக்காதீர்கள்.