ஆடுகளத்தில் ஐந்திணை

பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா முடிந்ததும் மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் கேட்கும் வினா ஒன்று உண்டு. 'கோப்பை எந்தக் குழுவுக்குக் கிடைத்தது?' என்பதே அவ்வினா. அவ்வாறு கேட்பதில் பிழையில்லை. போட்டி என ஒன்று இருப்பின் வெற்றியும் தோல்வியும் இருக்கத்தான் செய்யும். ஆயினும் அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வினா மற்றொன்று உண்டு. 'இவ்வாண்டு முழுவதும் எத்தனை மாணவர் களத்தில் இறங்கினர்?' என்பது அது. முதல் வினாவின் விடை ஒரு குழுவின் பெயரைத் தெரிவிக்கும். இரண்டாம் வினாவின் விடையோ பள்ளி முழுவதன் நிலையைத் தெரிவிக்கும். ஆகவே, குழுப் போட்டிகளின் பயனை இரண்டாம் வினாவைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இக்கருத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப்புற நகரமாகிய ஓசூரை முன்வைத்து ஆராய்வோம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில் பிறந்த மூதறிஞர் இராஜாஜி, ஓசூர் அரசுப் பள்ளியில் பயின்றவர். அவர் பயின்ற நாளில் ஓசூர் ஒரு சிற்றூர். 1970களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. சரக்குந்துகளும், இருசக்கர வண்டிகளும், கைக்கடிகாரங்களும் அவ்வூரில் உருவாகலாயின. வேலை நாடி வந்தோரால் ஊர் பெருகி, 2019இல் மாநகராட்சியாயிற்று. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் அங்கே நெடுங்காலமாக வழங்கி வருவன. இப்பொழுது வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தியும் பிற மொழிகளும் கேட்கின்றன. இத்தகைய ஊரில், ஒரு வகுப்பில் அமர்ந்திருக்கும் நாற்பது மாணவர் தத்தம் வீட்டில் மூன்று நான்கு மொழி பேசுவோராய் இருத்தல் வியப்பன்று.

வகுப்பில் அருகருகே அமர்ந்தோர் இடைவேளையில் பிரிந்து போவதை எந்த ஆசிரியரும் கண்டிருப்பார். தெலுங்கு பேசுவோர் ஒருபுறமும் உருது பேசுவோர் ஒருபுறமும் கூடுவர். தொழிற்பேட்டைக் குடியிருப்பிலிருந்து வருவோர் ஒரு மரத்தடியிலும், சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருவோர் மற்றொரு மரத்தடியிலும் அமர்வர். இதில் பகை ஒன்றும் இல்லை, பழக்கமே உள்ளது. ஆயினும் பழக்கத்தால் விழுந்த கோடு, நாளடைவில் சுவராக எழுவதும் உண்டு. அதனை அறிவுரையால் மட்டும் அழித்துவிட இயலாது. பலர் சேர்ந்து செய்தற்குரிய வேலை ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தல் வேண்டும். மாணவரைக் குழுக்களாக வகுக்கும் முறை அத்தகைய வேலையைக் கொடுக்க வல்லது.

இம்முறை இங்கிலாந்து நாட்டு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தோன்றியது. அங்கே மாணவர் வெவ்வேறு இல்லங்களில் தங்கினர். இல்லத்திற்கு இல்லம் ஆட்டங்களில் போட்டியிட்டனர். பின்னர், மாணவர் நாள்தோறும் வீட்டிலிருந்து வந்து செல்லும் பள்ளிகளும் அப்பெயரையும் முறையையும் மேற்கொண்டன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024ஆம் ஆண்டு 'மகிழ் முற்றம்' என்னும் பெயரில் மாணவர் குழு அமைப்புத் தொடங்கப்பெற்றது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பன அக்குழுக்களின் பெயர்கள். தமிழ் பயின்றோர்க்கு இப்பெயர்கள் மகிழ்ச்சி தருவன. ஐந்திணையுள் உயர்ந்தது இது, தாழ்ந்தது இது என்று நம் இலக்கணம் கூறவில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய பொழுதும் ஒழுக்கமும் உண்டு. 'பாலைக் குழுவில் சேர்த்துவிட்டார்களே' என்று வருந்தும் சிறுவனுக்கு ஒன்று சொல்வேன்: தமிழ்ப் புலவர் பலர் தம் ஆற்றலையெல்லாம் காட்டிப் பாடிய திணை பாலையே ஆகும்.

இனி, குழுவின் ஓராண்டு வாழ்வை நோக்குவோம். சூன் திங்களில் பள்ளி திறந்ததும் மாணவர் குழுக்களில் சேர்க்கப்பெறுவர். அடுத்த திங்கள்களில் குறுவட்டப் போட்டிகள் வரும். அவற்றில் வென்றோர் மாவட்டப் போட்டிக்குச் செல்வர். பாரதியார் நாள், குடியரசு நாள் ஆகியவற்றின் பெயரால் பள்ளிகளுக்கிடையே குழு விளையாட்டுகள் நடைபெறும். இடையிடையே பள்ளிக்குள் கபடி, கைப்பந்து, எறிபந்து முதலியன நடக்கும். அரையாண்டுத் தேர்வு கழிந்தபின் ஆண்டு விழா வரும். இவ்வாறு குழுவின் வாழ்வு ஓராண்டு நீள்வது. ஆயினும் பல இடங்களில் அவ்வாழ்வு விழாவிற்கு முந்திய ஒரு கிழமையில் தொடங்கி, விழா நாளிலேயே முடிந்துவிடுகின்றது. முறைக்குற்ற குறைகளுள் முதலாவது இது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நூறு மீட்டர் ஓட்டத்தில் எண்மர் ஓடுகின்றனர். முதலாமவனுக்கு 5, இரண்டாமவனுக்கு 3, மூன்றாமவனுக்கு 1 எனப் புள்ளிகள் வழங்கப்பெறுகின்றன. எஞ்சிய ஐவருக்கும் ஒன்றுமில்லை. நூறு மீட்டரில் வென்றவனே இருநூறு மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் பெரும்பாலும் வெல்வான். ஆகவே குழுத்தலைவன் நான்கைந்து பேரையே திரும்பத் திரும்ப அனுப்புகின்றான். ஏனையோர் புளிய மரத்து நிழலில் அமர்ந்து கைதட்டுகின்றனர். கைதட்டுவதால் கால் வலுப்பெறுமோ? நூறு பேர் கொண்ட குழுவுக்கு நால்வர் உழைத்துத் தேடித் தந்த கோப்பை, அந்நால்வரின் கோப்பையேயன்றிக் குழுவின் கோப்பை ஆகாது.

இதற்கு மருந்து எளிது. வெற்றிக்குரிய புள்ளிகள் இருக்கட்டும்; அவற்றோடு 'எல்லைப் புள்ளி' என ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு வயதினர்க்கும் இத்தனை நொடியில் ஓட வேண்டும், இத்தனை மீட்டர் தாண்ட வேண்டும் என்று, முயன்றால் எய்தக்கூடிய எல்லை ஒன்றை உடற்கல்வி ஆசிரியர் வகுப்பார். ஆண்டின் எந்த நாளிலாவது அவ்வெல்லையை எட்டும் ஒவ்வொரு மாணவனும் தன் குழுவுக்கு ஒரு புள்ளி பெற்றுத் தருவான். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குழுவின் வீரர் நால்வர் ஆளுக்கு மூன்று முதலிடம் பெற்றால் வரும் புள்ளிகள் 60. முதலிடமே பெறாத மற்றொரு குழுவில் எழுபது மாணவர் எல்லையை எட்டினால் வரும் புள்ளிகள் 70. அப்பொழுது குழுத்தலைவன் விரைந்தோடும் நால்வரை மட்டும் தேடமாட்டான்; மரத்து நிழலில் அமர்ந்திருக்கும் எழுபதின்மரையும் கைப்பிடித்து அழைத்து வருவான். மொழி தெரியாதவனிடமும் சென்று, சைகையாலேனும் பேசி, மாலையில் உடன் ஓடிப் பழக்குவான். அன்பினாலும் செய்வான், புள்ளிக்காகவும் செய்வான். புள்ளிக்காகத் தொடங்கிய பழக்கம் அன்பாக முதிர்வதும் உலகியற்கையே.

தனித்த ஆற்றல் பிறர் ஆற்றலோடு சேர வேண்டும் என்பதற்குத் தொடரோட்டம் நல்ல சான்றாகும். ஓசூருக்கு அண்மையிலுள்ள கோலாரில் பிறந்த கென்னத் பவல் என்னும் ஓட்டவீரர், 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடினார். அவ்வாண்டு நால்வர் நூறு மீட்டர் தொடரோட்டத்தில் அவர் இடம்பெற்ற இந்திய அணி அரையிறுதி வரை சென்றது. இவ்வோட்டத்தில் கோலைக் கைம்மாற்றுதற்கு இப்பொழுது வகுத்துள்ள எல்லை 30 மீட்டர். அவ்வெல்லைக்குள் கோல் மாறாவிடின், நால்வரும் எத்துணை விரைவாக ஓடினும் பயனில்லை. கொடுப்பவன் வாங்குபவனின் கையை அறிதல் வேண்டும். வாங்குபவன் திரும்பிப் பாராமலே கொடுப்பவனை நம்புதல் வேண்டும். வீட்டில் கன்னடம் பேசும் சிறுவன் தமிழ் பேசும் சிறுவனை இவ்வாறு நம்பி ஓடப் பழகிவிட்டால், ஒற்றுமையைப் பற்றி அவ்விருவர்க்கும் தனியே ஒரு பாடம் நடத்த வேண்டுவதில்லை.

களத்தின் வாயிலை எல்லோர்க்கும் திறந்து வைத்தல் வேண்டும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. கிருஷ்ணகிரியும் ஓசூரும் முன்னாளில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அச்சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து மோதி அவர் வலக்கால் நசுங்கியது. தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அச்சிறுவனை ஒதுக்கி உட்கார வைக்கவில்லை. உயரம் தாண்டுமாறு ஊக்கினார். 2016இல் இரியோ நகரில் நடைபெற்ற பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி மாரியப்பன் தங்கப்பதக்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். பள்ளிக்களத்தில் அவரை இறங்க விடாதிருந்தால், அப்பதக்கங்களும் இல்லை. எல்லோரும் பதக்கம் பெறுவதில்லை. ஆனால், பதக்கம் பெறத்தக்கவன் யாவன் என்பதைத் தோற்றத்தைக் கொண்டு முன்னரே துணிதல் எவர்க்கும் இயலாது.

'தோற்றவனுக்கும் சிறப்பா?' என்று சிலர் வினவலாம். அவர்க்கு விடை கிருஷ்ணகிரி மாவட்டத்து வயல் வரப்புகளிலேயே நிற்கின்றது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்கள் மிகுதி. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்று உயிர் நீத்தோர்க்கு எழுப்பிய கற்கள் அவற்றுள் பல. அவ்வீரன் போரில் வீழ்ந்தவனே. வாகை சூடித் திரும்பியவன் அல்லன். ஆயினும் ஊரார் அவனை மறந்தாரல்லர். ஊருக்காக முன்வந்து நின்றான் என்பதற்காகக் கல் நட்டு வழிபட்டனர். எட்டாவதாக ஓடி வந்தாலும் இடையில் நிற்காமல் எல்லைக்கோட்டைக் கடந்த சிறுவன், தன் குழுவுக்காக முன்வந்து நின்றவன். அவனுக்குக் கல் நட வேண்டா. கணக்கில் ஒரு புள்ளி கொடுத்தல் போதும்.

குழுப் போட்டி பகையை வளர்க்கும் என்று அஞ்சுவோரும் உளர். முறை தவறினால் அவ்வாறு நேரும் என்பது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் போட்டியன்று. ஆண்டுதோறும் அதே நண்பர் அதே குழுவில் தாமே கூடிக்கொள்ள விடுவதும், கோப்பை ஒன்றையே பெரிதாகக் காட்டுவதுமே காரணம். ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயில் தேர்த்திருவிழா பங்குனித் திங்களில் நடைபெறும். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள மக்கள் கூடி வடம் பிடிப்பர். எவர் எம்மொழியினர் என்று தேர் கேட்பதில்லை. எல்லாக் கையும் சேர்ந்தாலன்றி அது நகர்வதும் இல்லை. குழுவை அத்தேராகக் கருதுதல் வேண்டும். சீட்டெடுத்து மாணவரைக் கலந்து சேர்த்து, ஒவ்வொரு கையும் வடத்தைப் பற்றுமாறு செய்தால், பகை புகுதற்கு இடமில்லை.

இவையனைத்திற்கும் முதற்கண் வேண்டுவது நேரம். உலகச் சுகாதார நிறுவனம், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டும் என்று கூறுகின்றது. நம் பள்ளிகளிலோ கிழமைக்கு இரண்டொரு பாடவேளையே உடற்கல்விக்கு உரியது. தேர்வு நெருங்கியதும் அதனையும் கணக்காசிரியரும் அறிவியலாசிரியரும் 'கடன்' கேட்டுப் பெறுகின்றனர். தமிழாசிரியரும் இதற்கு விலக்கல்லர். அக்கடன் திரும்பி வந்ததாக வரலாறில்லை. 1920ஆம் ஆண்டிலேயே ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றை நிறுவினார். விளையாட்டைக் கற்பித்தற்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டில் வேரூன்றி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அவ்வாசிரியரை வைத்துக்கொண்டு அவருக்குரிய வேளையைப் பறிப்பது, உழவனை அழைத்து வந்து நிலத்தைக் கொடாமல் இருப்பதை ஒக்கும்.

மாணவர்களே! உங்கள் குழுவின் பெயர் குறிஞ்சியாயினும் பாலையாயினும், அதன் பெருமை அலமாரியிலுள்ள கோப்பையால் மட்டும் அமைவதன்று. இவ்வாண்டு நீங்கள் களத்திற்கு அழைத்து வந்த புதியவர் எத்தனை பேர், பெயரும் மொழியும் அறியாதிருந்தவருள் இன்று தோழரானோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நாளை நீங்கள் தொழிற்கூடத்தில் பணிபுரியலாம்; அலுவலகத்தில் அமரலாம்; எல்லை கடந்து வேற்றூர் செல்லலாம். எங்குச் செல்லினும் அயலானோடு தோள் சேர்ந்து உழைக்கும் நிலை உங்களுக்கு வரும். அதற்குரிய பயிற்சியைப் பள்ளிக்களத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். ஓடத் தெரிந்தவன் ஓடுக. தெரியாதவனை அழைத்துக்கொண்டு ஓடுக.