குடும்ப சமாதானத்துக்காக

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வெள்ளிக்கிழமை முற்பகலில் நடந்து போனால் உபவாச ஜெபத்தின் சத்தம் கேட்காமல் இருக்காது. மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, வாடகை வீட்டின் முன்னறை, மாவு மில்லுக்கு மேல் ஒரு ஹால். பாய் விரிப்பவர்கள், பாடுபவர்கள், காணிக்கை போடுபவர்கள், கடைசியில் கூட்டிப் பெருக்குபவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண் என்று பார்த்தால் பாஸ்டரும் கீபோர்டு வாசிக்கிற பையனும்தான்.

இதைப் பார்த்துச் சிரிக்கிற தோழிகளிடம் எனக்குச் சண்டை உண்டு. எஸ்டேட் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற ஒருத்தி, வீட்டில் அனுமதி கேட்காமல் வந்து உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாய்விட்டு அழ இந்தப் புறநகரில் வேறு இடம் எது? நம் கூட்டங்களை நாம் நகரத்துக்குள், மாலை ஆறு மணிக்கு வைக்கிறோம். அப்போது அவள் அடுப்படியில் இருப்பாள்.

அவ்வளவு அருமையான இடம் என்பதால்தான் கோபம் வருகிறது. உதடு வீங்கி ஒருத்தி வருகிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள். அவளுடைய ஜெபக்குறிப்பு மைக்கில் இப்படி வருகிறது: "ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக." கடனுக்குத் தொகை சொல்லி ஜெபிக்கிறோம். மூட்டுவலி என்றால் எந்தக் கால் என்று சொல்லி ஜெபிக்கிறோம். அடிக்கு மட்டும் பெயர் இல்லை, அடித்தவனும் இல்லை.

பிறகு ஆலோசனை. "பொறுமையா இருங்க சிஸ்டர், உங்க ஜெபம் அவரை மாத்தும்." மாறாவிட்டால்? அவள் ஜெபம் போதவில்லை. இன்னும் ஒரு நாள் உபவாசம் இரு, இன்னும் அதிகாலையில் எழுந்திரு. குடித்துவிட்டு வந்து கை ஓங்கியவனுடைய கணக்கு இவளுடைய முழங்காலில் எழுதப்படுகிறது.

பிரிந்து போகிறேன் என்றால் மல்கியா இரண்டாம் அதிகாரத்தைத் திறப்பார்கள். தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என்பார்கள். அந்த அதிகாரம் யாரைக் கண்டிக்கிறது? இளவயதில் கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களை. அதே வசனம் கொடுமையையும் சேர்த்துத்தான் சாடுகிறது. பாதி வசனத்தோடு வேதத்தை மூடிவிட்டு, ஆணுக்குச் சொன்னதைப் பெண்ணின் தலையில் கட்டுகிறார்கள்.

சட்டமும் நீண்டகாலம் இப்படித்தான் இருந்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவியின் கள்ள உறவு ஒன்றே கிறிஸ்தவக் கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கு அது போதாது. கள்ள உறவோடு கொடுமையோ, கைவிட்டுப் போனதோ சேர்ந்திருக்க வேண்டும். வெறும் அடி எந்தக் கணக்கிலும் வராது. 1995இல் கேரள உயர்நீதிமன்றம் இதை உடைத்தது. நாடு முழுமைக்கும் சட்டம் திருந்த 2001 ஆனது. 132 வருடம். சட்டம் திருந்தி இத்தனை காலமாகியும் பல சபைகளின் ஆலோசனை அறைகளில் 1869தான் ஓடுகிறது.

"சாட்சி கெட்டுவிடும், வெளியே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்" என்கிறார்கள். வீட்டில் ஜெபம் வைத்தாலே தகராறுக்கு ஆள் வருகிற காலத்தில் அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் சபையின் மானத்துக்கு அவள் கன்னம் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

அப்போஸ்தலர் நடபடிகளில் முதல் சபையின் கூடிவாழ்வைச் சொல்ல நம் பழைய மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்ட சொல் 'அந்நியோந்நியம்'. இன்று அந்தச் சொல் புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. சபையும் அப்படியே சுருங்கிவிட்டது. தம்பதியின் அந்நியோந்நியத்தைக் காப்பாற்றுவதற்காகச் சகோதரிகளின் அந்நியோந்நியத்தைப் பலி கொடுக்கிறது.

அதே புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தையும் வாசிக்கலாம். பேதுரு ஏரோதின் சிறையில். மாற்குவின் தாய் மரியாள் வீட்டில் ஜெபம். இரவில் கதவு தட்டப்படுகிறது. பேதுருவின் குரலை அடையாளம் கண்டு ஓடிவந்து சொன்னவள் ரோதை என்கிற பெண். பிதற்றுகிறாய் என்றார்கள். (பெண் சொன்னால் ஜெபக்கூட்டம் நம்பாது என்பது அன்றே தொடங்கியிருக்கிறது.) ஆனாலும் கடைசியில் கதவைத் திறந்தார்கள். ஏரோது மனம் மாறும்வரை சிறையிலேயே பொறுமையாய் இரு என்று யாரும் பேதுருவைத் திருப்பி அனுப்பவில்லை.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், புகாரை அடிபட்டவளேதான் சொல்ல வேண்டும் என்றில்லை. நடப்பதை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். விவாகரத்துக் கேட்காமலே, அதே வீட்டில் இருந்துகொண்டே, பாதுகாப்பு ஆணை வாங்கலாம். வெள்ளிக்கிழமைப் பாயில் உட்கார்ந்திருக்கும் முப்பது பேருக்கும் நடப்பது தெரியும். அவளோடு மகளிர் காவல் நிலையம் வரை இரண்டு பேர் போகலாம். அவளுடைய ஆதாரையும் பிள்ளைகளின் சான்றிதழையும் ஒரு வீட்டில் வாங்கிப் பத்திரப்படுத்தலாம். இரவு பதினொரு மணிக்கு இப்படி அழைப்பு வந்தால் எடுப்பவர், சம்பளமும் பதவியும் இல்லாத பாஸ்டரம்மாதான். வருஷப்பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை அச்சடிக்கிறார்கள் அல்லவா, அதன் பின்பக்கத்தில் அவருடைய எண்ணுக்குக் கீழே 181 என்று மூன்று இலக்கத்தையும் சேர்த்து அச்சடிக்கட்டும். மைக்கில் 'குடும்ப சமாதானம்' என்று வாசிக்கிற சகோதரி, அடுத்த வாரம் 'அடி' என்று வாசிக்கட்டும்.