பிரசவ அறையில் ஊழியர் உறவு

பெங்களூரின் வடகிழக்கே அமைந்த லிங்கராஜபுரம் போன்ற ஒரு பகுதியில் ஏழைக் குடும்பத்துப் பெண் கருவுற்றால், அவள் வீட்டு வாசலுக்கு முதலில் வருபவர் ஆஷா ஊழியர். பின்னர் ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் இரும்புச் சத்து மாத்திரை வழங்கி, ரணஜன்னித் தடுப்பூசி போட்டு, எடையையும் இரத்த அழுத்தத்தையும் தாய் அட்டையில் பதிகிறார். சுகாதார நிலையத்து டாக்டர் இடையிடையே பரிசோதிக்கிறார். நோவு கண்டதும் அவள் செல்லுமிடமோ வேறு: சிவாஜிநகரிலுள்ள கோஷா மருத்துவமனையாக இருக்கலாம், தனியார் நர்ஸிங் ஹோமாகவும் இருக்கலாம். அங்கே அவளை ஏற்றுக்கொள்ளும் நர்ஸும் இளம் டாக்டரும் நிபுணரும் அதுவரை அவளைக் கண்டவர் அல்லர். ஒன்பது மாதங்களில் சேர்ந்த அறிவு முழுவதும் ஓர் அட்டையை நம்பிப் பயணம் செய்கிறது. அட்டை வாசிக்கப்படாவிடில், முன்னர் பார்த்தவர் கவனமற்றவர் என்றும், பின்னர் பார்ப்பவர் கர்வம் கொண்டவர் என்றும் ஒருவரையொருவர் எண்ணத் தலைப்படுகின்றனர்.

இப்பூசலைத் தனி மனிதரின் குணக்கேடாகக் கருதுவது எளிது. ஆனால் அது பிழை. நம் நாட்டில் பேறுகால ஊழியர்கள் அடுக்கடுக்காகச் சேர்க்கப்பட்டனர். ஓர் அடுக்குக்கும் மற்றோர் அடுக்குக்கும் உள்ள உறவு போதிய அளவு வரையறுக்கப்படவில்லை. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் தாதியரையும் மருத்துவச்சிகளையும் பதிவேட்டில் சேர்த்தது. 1951இல் ஏ.என்.எம். பயிற்சி இரண்டாண்டுப் படிப்பாகத் தொடங்கிற்று. பிரசவமே அன்று அவரது முதற் பணி. 1973இல் கர்த்தார் சிங் குழு அவரைப் பல்நோக்கு ஊழியராக்கப் பரிந்துரைத்தபின், பயிற்சி பதினெட்டு மாதங்களாகக் குறைந்தது. தடுப்பூசியும் குடும்ப நலமும் அவர் நேரத்தை விழுங்கின. 2005இல் ஆஷா வந்தார். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்க மூன்று ஸ்டாஃப் நர்ஸுகள் அமர்த்தப்பட்டது நல்ல ஏற்பாடே. எனினும், துணை நிலையத்தில் பிரசவம் பார்த்து வந்த கிராம சுகாதார நர்ஸின் கை அதனால் வேலையற்றுப் போயிற்று. மனமும் சற்றே புண்பட்டது. பழைய நாட்டு மருத்துவச்சியைப் பற்றியோ கேட்பாரே இல்லை.

கலகம் மிகுவது, நிலைமை மாறுகையில் டாக்டரை எப்போது அழைப்பது என்ற வினாவிலேயே. சீக்கிரம் அழைத்தால் 'இதற்கா எழுப்பினாய்?' என்ற ஏச்சு. தாமதித்து அழைத்தால் விசாரணை. இச்சிக்கலுக்கு ஒரு விடை முன்னரே கண்டறியப்பட்டது. ஃபிரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1954இல் கருப்பை வாய் விரியும் வேகத்தை வளைகோடாக வரைந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு, அன்றைய ரொடீஷியாவில் ஃபில்பாட், காசில் என்னும் இருவர் 1972இல் பார்ட்டோகிராஃப் வரைபடத்தில் இரு கோடுகளைச் சேர்த்தனர். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் செல்வது எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் அமைந்தது செயற்கோடு. டாக்டர் இல்லாத சிற்றூரில் இருக்கும் மருத்துவச்சி, தாயை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமென அறிவதே அதன் நோக்கம். ஆகவே அது வெறும் படிவம் அன்று. மருத்துவச்சிக்கும் மருத்துவருக்கும் இடையே செய்துகொண்ட உடன்படிக்கை. அழைப்பதற்குத் துணிவு தேவையில்லை. கோடு கடந்தால் போதும்.

ஆயினும் பல பிரசவ அறைகளில் அப்படம் குழந்தை பிறந்த பின்னரே நிரப்பப்படுகிறது. காரணம் சோம்பல் மட்டுமன்று. விபரீதம் நேர்ந்தால் விசாரணை கடைசிப் படியில் நிற்பவரிடமே தொடங்கும் என்பதை அனைவரும் அறிவர். எனவே கருவி சாட்சியாக மாறிவிட்டது. போதாக்குறைக்கு, ஒரே அறையில் இரு விதிகள் நிலவுகின்றன. நான்கு சென்டிமீட்டரில் வரைபடத்தைத் தொடங்கக் கற்றவர் சிலர். உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் ஐந்து சென்டிமீட்டரையே தீவிர நிலையின் தொடக்கமாகக் கொண்டு, 2020இல் புதிய பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியை வெளியிட்டது. அதனைக் கற்றவர் வேறு சிலர். இருவரும் தத்தம் பாடத்தின்படி சரியே. எவ்விதி தங்கள் அறையில் செல்லும் என்பதைத் தலைமை மருத்துவர் எழுதிச் சுவரில் ஒட்டாத வரையில் சச்சரவு தீராது.

2018ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்ச்சி பெற்ற நர்ஸுகளுக்கு மேலும் பதினெட்டு மாதப் பயிற்சி அளித்து, சிக்கலற்ற பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடுவது திட்டம். தெலங்கானாவில் இத்தகைய பயிற்சி 2017இலேயே கரீம்நகரில் தொடங்கிற்று. புதிய ஊழியரை அறுவைச் சிகிச்சைக்கு மாற்று மருந்தாகச் சிலர் விளம்பரப்படுத்துவது விவேகமன்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி கர்நாடகத்தில் நூற்றுக்கு 31.5 பிரசவங்களும், தமிழ்நாட்டில் 44.9 பிரசவங்களும் அறுவை மூலமே நிகழ்ந்தன என்பது கவலைக்குரியதுதான். அதற்காக மருத்துவச்சியை மருத்துவரின் எதிரியாக அரங்கேற்றினால், முதல் நாளே உதவி கிடைக்காது போகும். மருத்துவரின் எதிர்ப்பைக் காட்டிலும் பெரிய ஆபத்து பணிமாற்றமே: அரிதிற் பயின்றவரை ஆறு மாதத்தில் கண் வார்டுக்கு அனுப்பினால் பயிற்சி வீணாகும், உடன் பணிபுரியும் நர்ஸுகளின் ஏளனமும் சேரும்.

பயிற்சிப் பள்ளி ஆசிரியர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கை எதிர்கொள்ளும் ஒத்திகையை நர்ஸ் மாணவியரும் மருத்துவ மாணவரும் சேர்ந்து செய்யட்டும். அதில் ஆணையிடும் பொறுப்பு முறை வைத்து மாறட்டும். களத்திலோ, எட்டாம் மாதம் முடியும்போது, இரத்தச் சோகை, அழுத்தம், முந்திய பிரசவம், வீட்டார் அச்சம் ஆகியவற்றை ஏ.என்.எம். நான்கு வரிகளில் அட்டையின் பின்புறம் எழுதுவதும், பிரசவ அறையில் அதைப் படித்த நர்ஸ் நேரம் குறித்துக் கையொப்பமிடுவதும் போதுமானது. அதற்குப் புதிய படிவம் எதுவும் அச்சிட வேண்டியதில்லை.